சேற்று மண்மேல் சாலை: துணியா, கிரிட்டா, செல்லா?

பலவீனமான மண்ணின் மேல் சாலை போட வேண்டும் என்று முடிவானதும் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எத்தனை கிலோநியூட்டன் ஜியோகிரிட் வாங்கலாம்?" ஜியோகிரிட் என்பது ஜல்லிக்கு அடியில் விரிக்கும், துளைகள் உள்ள பிளாஸ்டிக் வலை. கேட்பவர் பாதி முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டார். கிரிட்தான் போடப்போகிறோம், வலிமை எண் மட்டும்தான் பாக்கி. அந்த மண் சாலையை எப்படிக் கெடுக்கப்போகிறது என்பதை இன்னும் யாரும் கேட்கவில்லை. கிரிட்டே வேண்டாம், நெய்யாத துணி ஒன்று போதும் என்ற இடமாக அது இருக்கலாம். கிரிட் வேண்டும், ஆனால் அடியில் துணி இல்லாமல் விரித்தால் பணம் வீண் என்ற இடமாகவும் இருக்கலாம். எதையும் விரிக்காமல் ஓரத்தில் ஆழமாக ஒரு வடிகால் வெட்டினாலே சரியாகிவிடும் இடங்களும் உண்டு.

அதனால் கீழே ஒவ்வொரு பொருளையும் அது எந்தக் கோளாறை நிறுத்துகிறது என்பதை வைத்தே ஒப்பிடுகிறேன். வலிமை எண் அப்புறம் வரட்டும்.

சாலை எப்படிக் கெடுகிறது

ஈரக் களிமண் மேல் ஜல்லி பரப்பி வண்டி ஓடவிட்டால் இரண்டு திசையிலும் நகர்வு நடக்கிறது. சக்கரம் அழுத்தும்போது ஜல்லி கீழே இறங்குகிறது. அதே அழுத்தத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர், நுண்துகள்களைக் கரைத்துக்கொண்டு ஜல்லியின் இடுக்குகள் வழியே மேலே வருகிறது. ஒவ்வொரு சக்கரமும் ஒரு பம்ப் அடிப்பு மாதிரி வேலை செய்கிறது. எடையில் சுமார் 20 சதவீதம் நுண்துகள் ஜல்லிக்குள் புகுந்துவிட்டால், அந்த ஜல்லி அடுக்கின் தாங்குதிறன் அடியில் இருக்கும் மண்ணின் அளவுக்கே இறங்கிவிடக்கூடும். பத்து கிலோ சேற்றின் மேல் பத்து கிலோ ஜல்லி போட்டால் கிடைப்பது இருபது கிலோ சேறு என்று இந்தத் துறையில் ஒரு பழைய பேச்சு உண்டு. மிகைதான், ஆனாலும் பெரிய மிகை இல்லை.

இது முதல் கோளாறு: கலப்பு. இரண்டாவது, ஜல்லி பக்கவாட்டில் விலகுவது. சக்கரத்துக்கு நேர் கீழே இருக்கும் கல் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது, அடுக்கு மெலிகிறது, தடப்பள்ளம் விழுகிறது. மூன்றாவது, அடிமண்ணே உடைந்து பிதுங்குவது. தடத்தின் இரண்டு பக்கமும் மண் மேடாக எழும்பியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. நான்காவது நீர்: மண் மோசமில்லை, ஆனால் சாலைக்கு அடியில் நீர் தேங்கி அதை மோசமாக்கிக்கொண்டே இருக்கிறது.

முதலாவதுக்குத் துணி. இரண்டாவதுக்கு கிரிட் அல்லது செல் (மணலோ கிராவலோ நிரப்பும் பிளாஸ்டிக் அறைகள்). மூன்றாவதுக்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது, கூடவே போதிய ஜல்லி தடிமன். நான்காவதுக்கு வடிகால். இவை ஒன்றோடொன்று கலந்தே வரும் என்பதால்தான் தேர்வு குழப்பமாகிறது.

மண்ணை அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்

சி.பி.ஆர். என்ற எண்ணைத்தான் எல்லா வழிகாட்டி நூல்களும் அடிப்படையாக வைக்கின்றன. நொறுக்கிய தரமான கல்லோடு ஒப்பிட்டால் இந்த மண் எத்தனை சதவீதம் எதிர்ப்புக் காட்டுகிறது என்பதுதான் அது. மாதிரியை நான்கு நாள் நீரில் ஊறவைத்துச் சோதிப்பது வழக்கம். கணக்குக்கு வசதியான ஒரு தோராயம்: மென்மையான களிமண்ணில் சி.பி.ஆர். 1 என்றால் வடிகாலற்ற நறுக்கு வலிமை (நீர் வெளியேற நேரம் தராமல் நறுக்கும்போது மண் காட்டும் எதிர்ப்பு) சுமார் 30 கிலோபாஸ்கல்.

ஆய்வகம் போவதற்கு முன்னால் கால் சொல்லும். ஒருவர் சும்மா நின்றாலே 7, 8 செ.மீ. புதைந்தால் சி.பி.ஆர். 0.4-க்கும் கீழே. நடக்கும்போது 2.5 செ.மீ. அளவு பதிந்தால் ஏறக்குறைய 1. ஆள் நடந்தால் ஒன்றும் ஆகவில்லை, சின்ன லாரி போனால் ஒன்றிரண்டு செ.மீ. தடம் விழுகிறது என்றால் 2, 3 என்று வைத்துக்கொள்ளலாம். முதல் கணிப்புக்கு இது போதும்.

களத்தில் டைனமிக் கோன் கருவி வைத்து அளப்பவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 8 கிலோ சுத்தியல் 575 மி.மீ. உயரத்திலிருந்து விழும், ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் கூம்பு முனை எத்தனை மி.மீ. மண்ணுக்குள் இறங்குகிறது என்று பார்த்து சூத்திரத்தில் போட்டால் சி.பி.ஆர். கிடைக்கும். எல்லா மண்ணுக்கும் பொதுவாகப் பயன்படுத்தும் சூத்திரம், 292-ஐ இறக்கத்தின் 1.12 அடுக்கால் வகுப்பது. ஒரு அடிக்கு 50 மி.மீ. இறங்கினால் விடை சுமார் 3.6. ஆனால் நெகிழ்வு குறைந்த களிமண்ணில் சி.பி.ஆர். 10-க்குக் கீழே இருந்தால் அமெரிக்கத் தரநிலை தனிச் சூத்திரம் தருகிறது. அதே 50 மி.மீ.க்கு அது தரும் விடை சுமார் 1.4. முதல் எண்ணை நம்பினால் மெல்லிய துணியோடு முடித்துவிடுவோம். இரண்டாவதை நம்பினால் வடிவமைப்பே வேறு. கருவி ஒன்று, மண் ஒன்று, சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் வித்தியாசம். அறிக்கையில் சி.பி.ஆர். எண் மட்டும் இருந்தால், எந்தச் சூத்திரம் என்று கேளுங்கள்.

நெய்யாத துணி: அதிகம் மதிக்கப்படாத பொருள்

ஊசியால் குத்திக் கோத்த நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கும். கையால் இழுத்தாலே நீளும். அதனாலேயே பலருக்கு அதன்மேல் நம்பிக்கை வருவதில்லை. பாதிக்கு மேல் நீண்ட பிறகுதான் அறுகிறது என்பதால், சக்கரச் சுமையை இழுவிசையில் தாங்குவதற்கு இது உண்மையாகவே உதவாது. சாலை அந்த அளவு உள்வாங்கும்வரை யாரும் விடமாட்டார்கள்.

ஆனால் முதல் கோளாறான கலப்பை நிறுத்துவதில் இதற்கு இணை குறைவு. நீரை விடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். துணியின் தடிமனுக்குள்ளேயே பக்கவாட்டில் கொஞ்சம் நீர் நகரவும் முடியும். வண்டல் கலந்த ஈர மண், நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடம், கனரக வண்டி ஓடும்போது நீரழுத்தம் ஏறும் இடம், இங்கெல்லாம் நான் முதலில் கை வைப்பது இதில்தான். அது நீள்வதற்கும் ஒரு பயன் உண்டு. கூர்மையான பெரிய கல் விழும்போது கிழியாமல் கல்லின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும்.

அமெரிக்காவின் ஆஷ்டோ எம்288 தரநிலை துணிகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. அந்த வகுப்புகள் சாலையின் சுமையை வைத்துப் பிரித்தவை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பதிக்கும்போது துணி உயிரோடு மிஞ்சுமா என்பதை வைத்துப் பிரித்தவை. பெரும்பாலான துணிகள் சேதமாவது சாலை திறந்த பிறகு இல்லை, ஜல்லி கொட்டிய முதல் ஒரு மணி நேரத்தில். சி.பி.ஆர். 3-க்கு மேலிருந்தால் பிரித்துவைக்கும் துணியாக இரண்டாம் வகுப்பு போதும் என்கிறது தரநிலை. 1-க்கும் 3-க்கும் இடையில் ஈரமாக இருக்கும் மண்ணுக்கு முதல் வகுப்பு, கூடவே நீர் விடும் திறனும் அதிகம் கேட்கிறது. முதல் வகுப்பில் நெய்யாத துணிக்கு 900 நியூட்டன் பிடிவலிமை (துணியைப் பிடித்து இழுத்தால் அது அறுகும் விசை), நீட்சி குறைந்த நெய்த துணிக்கு 1400. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்: நீளக்கூடிய துணிக்குக் குறைந்த வலிமையே போதும் என்று தரநிலையே ஒத்துக்கொள்கிறது.

நெய்த துணி: ஒரே பெயரில் இரண்டு பொருள்

நெய்த ஜியோடெக்ஸ்டைல் என்று கேட்டால் இரண்டு வேறு சாமான்கள் வரும். ஒன்று தட்டையான பிளாஸ்டிக் நாடாவை நெய்த துணி, சாக்கு போல இருக்கும். மலிவு, வலிமையும் நிறைய. ஆனால் நாடாக்களுக்கு இடையே துளை சீராக இருக்காது, நீர் எளிதில் போகாது. எம்288 நிலத்தடி வடிகால் வேலைக்கு இந்த நாடாத் துணியை ஏற்பதே இல்லை. உலர்ந்த, ஓரளவு சுமாரான மண்ணில் பிரிப்புத் துணியாகப் போட்டுக்கொள்ளலாம். ஈர வண்டலில் போட்டால் அடியில் நீர் சிறைப்பட்டு, மண் இன்னும் குழைந்துவிடும்.

இன்னொன்று உருளை இழைகளாலோ பல்லிழை நூலாலோ நெய்த உயர்திறன் துணி. குறைந்த நீட்சியிலேயே விசையை ஏற்கும், துளை சீராக இருக்கும், நீரும் போகும். விலை அதிகம். மிக மென்மையான மண்ணில், பிரிப்பு, வலுவூட்டல் இரண்டையும் ஒரே அடுக்கில் முடிக்க வேண்டுமென்றால் இது நல்ல தேர்வு. மேல்தளம் போடாத தற்காலிகப் பாதை, கட்டுமான வேலைப் பாதை ஆகியவற்றில் இதன் வேலையை நன்றாகப் பார்க்கலாம்: தடம் 10 செ.மீ. அளவு இறங்கியதும் துணி தொட்டில்போல் இழுபட்டு சக்கரத்தை ஏந்துகிறது. வண்டிகள் ஒரே தடத்தில் போனால்தான் இது நடக்கும். தார்ச்சாலைக்கு இந்த வாதத்தைச் சொல்லி யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். 10 செ.மீ. தடம் விழுந்த பிறகு அங்கே தார்த்தளம் இருக்காது.

ஜியோகிரிட்: கல்லைப் பிடிக்கிற வேலை

கிரிட்டின் பலம் அதன் துளையில் இருக்கிறது. ஜல்லி அந்தத் துளைக்குள் பாதி இறங்கி மாட்டிக்கொள்கிறது. அப்புறம் பக்கவாட்டில் நகர முடியாது. ஒரு கல் நகராவிட்டால் அதன்மேல் உட்கார்ந்த கல்லும் நகராது. அடுக்கு முழுவதும் இறுகுகிறது, சுமை அகலமாகப் பரவுகிறது. தடம் ஆழமாக விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதால் தார்ச்சாலைக்கும் இது பொருந்தும்.

இதெல்லாம் கல்லின் அளவும் துளையின் அளவும் பொருந்தினால்தான். துளை, ஜல்லியின் சராசரி அளவுக்குக் குறையக் கூடாது; ஜல்லியில் 85 சதவீதம் எந்த அளவுக்குள் அடங்குகிறதோ, அதன் இரண்டு மடங்குக்கு மேல் போகவும் கூடாது. 35 மி.மீ. துளையுள்ள கிரிட்டின் மேல் 75 மி.மீ. கல் கொட்டினால் கல் துளைக்குள் இறங்காமல் மேலேயே உருளும். அதே கிரிட்டின் மேல் நுண்மணல் போட்டாலும் பிடிப்பு கிடைக்காது. கிரிட்டை முடிவு செய்துவிட்டுக் கல்லை எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது தலைகீழ். எந்தக் கல் கிடைக்கும் என்பது முதலில் தெரிய வேண்டும்.

இப்போது அந்த வலிமை எண்ணுக்கு வரலாம். இரண்டு கிரிட்கள், இரண்டுக்கும் அட்டவணையில் மீட்டருக்கு 40 கிலோநியூட்டன். ஒன்று பாலிப்ரொப்பிலீன் தகட்டைத் துளையிட்டு இழுத்துச் செய்தது. 2 சதவீத நீட்சியிலேயே 14 கிலோநியூட்டன் தருகிறது. மற்றொன்று நெய்து பூச்சு பூசியது. அதே 2 சதவீதத்தில் அதில் பாதிதான் தருகிறது, 40-ஐத் தொட 10 சதவீதத்துக்கு மேல் நீள வேண்டும். சாலையின் அடித்தளத்தில் கிரிட் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் நீள்வதே கிடையாது. ஆக இரண்டும் 40 என்று பெயர் பெற்றாலும் சாலைக்குள் நடந்துகொள்வது வேறு. உச்ச வலிமையை விட்டுவிட்டு 2 சதவீத, 5 சதவீத எண்களைப் பாருங்கள். முடிச்சுகளின் உறுதியையும் பாருங்கள். கல் தள்ளுவது துளையைச் சுற்றியிருக்கும் விலாக்களை, விலாவின் விசை அடுத்த விலாவுக்குப் போவது முடிச்சு வழியாக. இன்னொன்று: ஒரே திசையில் வலிமையுள்ள கிரிட் தாங்குசுவருக்கானது. சாலையில் சக்கரச் சுமை எல்லாத் திசையிலும் பரவுவதால் இருதிசை அல்லது முக்கோணக் கிரிட்தான் வேண்டும். தாங்குசுவர் வேலையில் மிஞ்சிய உருளையைச் சாலையில் விரிக்கும் சிக்கனம் சிக்கனமே இல்லை.

சரி, கிரிட்டை மட்டும் போட்டால் சேறு மேலே வராதா? இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. மேலே இருக்கும் ஜல்லியே வடிகட்டியாக வேலை செய்தால் துணி தேவையில்லை. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது: ஜல்லிக் கலவையில் மிகச் சின்ன 15 சதவீதம் எந்த அளவுக்குள் அடங்குகிறதோ அது, அடிமண்ணில் 85 சதவீதம் அடங்கும் அளவைப்போல் 5 மடங்குக்குள் இருக்க வேண்டும். களி கலந்த வண்டலில் அந்த 85 சதவீத அளவு 0.05 மி.மீ. என்று வைப்போம். ஐந்து மடங்கு என்றால் 0.25 மி.மீ. மணல் கலந்து எல்லா அளவும் சேர்ந்த கலவை இந்தச் சோதனையில் தேறிவிடும். வெறும் 40 மி.மீ. கல்லோ இந்த எல்லைக்கு அருகில்கூட வராது. அதன் இடுக்கு வழியே சேறு தாராளமாக ஏறும். அந்த நிலையில் கிரிட்டுக்கு அடியில் மெல்லிய நெய்யாத துணியை விரியுங்கள். இரண்டும் ஒட்டியே வரும் கலப்புப் பொருள்களும் உண்டு, பதிக்க எளிது. ஆனால் துணி கிரிட்டின் துளையை மூடி இறுக்கமாக ஒட்டியிருந்தால் கல் துளைக்குள் இறங்குவது குறையும். இடம் கொடுத்தால் தனித்தனியாக விரிப்பதையே நான் விரும்புவேன்.

ஒரு கணக்கு

அமெரிக்க வனத்துறை 1977-இல் குறைந்த போக்குவரத்துச் சாலைகளுக்கு வெளியிட்ட முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 80 கிலோநியூட்டன் அச்சில் ஒரு பக்கம் 40 கிலோநியூட்டன், டயர் அழுத்தம் 550 கிலோபாஸ்கல் என்று எடுத்துக்கொள்வோம். ஆயிரம் தடவைக்கு மேல் வண்டி போக வேண்டும், தடம் 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் அடிமண்ணின் நறுக்கு வலிமையைப்போல் 2.8 மடங்கு அழுத்தத்தை அனுமதிக்கலாம், துணி இருந்தால் 5 மடங்கு.

சி.பி.ஆர். 1 உள்ள மண்ணில் அது 84, 150 கிலோபாஸ்கல். சுமை ஆழத்தில் பரவும் வழக்கமான பூசினெஸ்க் சமன்பாட்டில் போட்டால், துணி இல்லாமல் சுமார் 45 செ.மீ. ஜல்லி தேவை, துணியோடு சுமார் 31 செ.மீ. பதினான்கு செ.மீ. மிச்சம். நீண்ட சாலையில் இது எத்தனை லாரி லோடு என்று பார்த்தால் துணியின் செலவு தெரியாமல் போய்விடும்.

அதே கணக்கை சி.பி.ஆர். 3-க்குப் போடுங்கள். துணி இல்லாமல் 21 செ.மீ., துணியோடு 10 செ.மீ. என்று வரும். ஆனால் 10 செ.மீ. ஜல்லியைத் துணிமேல் பரப்பி ரோலர் ஓட்ட முடியாது, குறைந்தது 15 செ.மீ. வேண்டும். உண்மையான மிச்சம் ஆறு செ.மீ.தான். இந்த மண்ணில் துணி போடுவதற்குக் காரணம் ஜல்லி மிச்சம் அல்ல, பத்து வருடம் கழித்தும் அடித்தளம் சுத்தமாக இருக்கும் என்பதே. அது நல்ல காரணம்தான். ஆனால் அதை ஜல்லிச் சேமிப்பு என்று கணக்குக் காட்டி விற்றால் பொய்.

கிரிட்டுக்கு இப்படி ஒரே பெருக்கல் எண் போட்டு முடிக்க முடியாது. 2004-இல் ஷிரூ, ஹான் இருவரும் தந்த முறையில் 3.14, 5.14, 5.71 என்று மூன்று எண்கள் வரும்: வெறும் ஜல்லிக்கு, துணிக்கு, கிரிட்டுக்கு. கடைசி இரண்டுக்கும் இடையில் தூரம் குறைவு. கிரிட்டின் பெரும்பலன் அந்த எண்ணில் இல்லை, ஜல்லி அடுக்கு இறுகுவதில்தான் இருக்கிறது. அது பொருளுக்குப் பொருள் மாறும். அதனால் தயாரிப்பாளர் "சாலையின் ஆயுள் இத்தனை மடங்கு" என்று சொன்னால், எந்த மண்ணில், எந்தத் தடிமனில், எத்தனை தடவை வண்டி ஓட்டிப் பார்த்த சோதனை என்று கேட்பது உங்கள் உரிமை. வேறு மண்ணில் வந்த எண் உங்கள் மண்ணுக்குப் பொருந்தாது.

ஜியோசெல்: நல்ல கல் கிடைக்காத இடத்துக்கு

கையில் அள்ளிய மணலை அழுத்தினால் விரல் இடுக்கில் வழிந்துவிடும். மூட்டையில் கட்டிய மணல்மேல் லாரி நிற்கும். ஜியோசெல்லின் தத்துவம் அவ்வளவுதான். பாலிஎத்திலீன் பட்டைகளை இடைவெளி விட்டு ஒட்டி, இழுத்து விரித்தால் 7.5 முதல் 20 செ.மீ. உயரமுள்ள அறைகள் வரிசையாகத் திறக்கும். அதற்குள் மணலோ கிராவலோ நிரப்புவார்கள். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் விக்ஸ்பர்க் ஆய்வு நிலையத்தில் மணல்மேல் வண்டி ஓட்டுவதற்காக இதைச் சோதித்தார்கள். பாலைவனமும் கடற்கரையும்தான் அப்போது கண்ணில் இருந்தன.

அதிலேயே இதன் சரியான இடமும் தெரிகிறது: மணல் ஏராளம், நல்ல ஜல்லி தூரத்தில். கல்லை நெடுந்தூரம் கொண்டுவரும் செலவோடு ஒப்பிட்டால் செல் மலிவாகிவிடும். நல்ல கல் பக்கத்திலேயே கிடைக்கும் இடத்தில் கிரிட் எப்போதும் முந்தும். காரணம் வேலை வேகம். செல்லை விரிக்க ஓரளவு சமமான தரை வேண்டும், ஆணி அடித்து இழுத்து நிறுத்த வேண்டும், ஒவ்வொரு அறையும் நிரம்ப வேண்டும். மேலே 5 செ.மீ.யாவது மூடாக இருக்க வேண்டும். பட்டையின் விளிம்பு வெளியே தெரிந்தால் டயர் அதைக் கிழித்துவிடும். மென்களியின்மேல் போட்டால் அடியில் துணியும் வேண்டும்.

நீர்தான் பிரச்சினை என்றால்

சாதாரணத் துணி, மண் நிறைய நீர் கொண்டிருக்கும்போதுதான் வடிக்கும். பாதி ஈரமான மண்ணில் நீர் துணியைத் தாண்டாமல் மேலேயே தங்கிவிடும். இதற்காகவே நைலான் இழைகளில் ஆழமான பள்ளம் வெட்டி, நுண்குழாய் இழுப்பால் நீரைப் பக்கவாட்டில் ஓரத்துக்குக் கொண்டுபோகும் உறிஞ்சு துணிகள் வந்திருக்கின்றன. அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில் பீவர் ஸ்லைடு என்ற சரிவில் பனி உருகும்போதெல்லாம் சாலை குழைந்துபோகும். 2010-இல் அங்கே இந்தத் துணியைப் பதித்து நல்ல பலன் கண்டார்கள். துணியின் ஓரம் சரிவில் காற்றுபடத் திறந்திருந்தால்தான் நீர் ஆவியாகி வெளியேறும். ஓரம் புதைந்துவிட்டால் விலையுயர்ந்த சாதாரணத் துணிதான் அது. இதற்குச் செலவிடும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: பக்க வடிகால் ஆழப்படுத்திப் பார்த்தாயிற்றா?

சணல், தென்னைநார்

இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. 1926-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பருத்தித் துணி விரித்து, தார் ஊற்றிச் சாலை போட்டுப் பார்த்தார்கள். துணி மக்கும்வரை அது வேலையும் செய்தது. சணல் ஈர மண்ணில் ஓரிரு ஆண்டில் வலிமை இழக்கும், தென்னைநார் இன்னும் சில ஆண்டு தாங்கும். களிமண் சாலையின் எடையில் நீரை வெளியேற்றி மெல்ல மெல்ல இறுகுகிற இடத்தில், துணி போன பிறகு மண் தன் காலில் நிற்கும். நீர் எப்போதும் நிற்கும் இடத்தில் அந்த இறுக்கம் வராது, அங்கே வேண்டாம்.

எது உதவாது, எது போட்டி

அடியில் எட்டு பத்து மீட்டருக்கு அமுங்கும் மண்ணோ கரிமச் சேறோ இருந்தால், மேலே விரிக்கும் எந்தத் துணியும் கிரிட்டும் அமிழ்வை நிறுத்தாது. சமமாக அமிழ வைக்கலாம், அவ்வளவே. அதற்குச் செங்குத்து வடிகாலும் முன்சுமையும் கம்பங்களும் வேறு கதை. ஈரத்தில் வீங்கி வெயிலில் சுருங்கும் களிமண்ணிலும் வீக்கத்தைக் கிரிட் தடுக்காது. ஆனால் சாலை ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் விரிசலை அது குறைக்கிறது என்பதை டெக்சாஸ் அனுபவம் காட்டுகிறது.

உண்மையான போட்டியாளர் சுண்ணாம்பு. நெகிழ்வுள்ள களிமண்ணில் கலந்தால் மண்ணே மாறிவிடுகிறது. கல் கிடைக்காத இடத்தில் இது கிரிட்டை எளிதில் வெல்லும். சல்பேட் அதிகமுள்ள மண்ணில் மட்டும் எட்ரின்ஜைட் படிகம் வளர்ந்து சாலையே வீங்கும், கரிமம் நிறைந்த மண்ணில் வினை சரியாக நடக்காது. மழைக்காலத்தில் கலக்கும் எந்திரமே இறங்க முடியாத சேறும் உண்டு. துணியை அங்கே இறக்கலாம். சுண்ணாம்பும் கிரிட்டும் சேர்ந்தே வந்தால் பாலியெஸ்டரைத் தவிருங்கள், அதிகக் காரத்தில் அது நீராற்பகுப்பால் அரிக்கப்படும். பாலிப்ரொப்பிலீனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

விரிக்கும் நாளில்

மோசமான பொருளை நல்லபடி விரித்த சாலை, நல்ல பொருளை மோசமாக விரித்த சாலையைவிட நாள் தாங்கும். துணிமேல் நேரடியாக எந்த வண்டியும் ஏறக் கூடாது. டிப்பர் ஏற்கெனவே பரப்பிய ஜல்லிமேல் நின்றே கொட்ட வேண்டும், அங்கிருந்து சிறிய புல்டோசர் முன்னுக்குத் தள்ள வேண்டும். முதல் அடுக்கு மென்மையான மண்ணில் 20 முதல் 30 செ.மீ. அதில் அதிர்வு ரோலர் வேண்டாம், அதிர்வு அடியிலுள்ள நீரை மேலே இழுக்கும். தடம் 7.5 செ.மீ.க்கு மேல் விழ விடக் கூடாது. விழுந்த தடத்தைப் பிளேடால் சீவிச் சமப்படுத்துவது எல்லாருக்கும் கைவந்த பழக்கம். அப்படிச் செய்தால் தடத்தின் இரு பக்கமும் ஜல்லி மெலிந்து, பிளேடு துணியைத் தொட்டுவிடும். தடத்துக்குள் புதுக் கல்லைக் கொட்டி நிரப்புங்கள்.

அடுத்தடுத்து விரிக்கும் துணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் அகலமும் மண்ணைப் பொறுத்தது. சி.பி.ஆர். 3-க்கு மேல் 30 முதல் 45 செ.மீ., 1-க்கும் 3-க்கும் இடையில் 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர், 1-லிருந்து 0.5 வரை ஒரு மீட்டர் அல்லது தையல், அதற்கும் கீழே தையல்தான். உருளையின் அகலத்தில் இந்த ஒரு மீட்டர் போய்விட்டால் தேவைப்படும் துணியின் அளவு கணிசமாக ஏறும். விலைப்பட்டியலை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் சேர்க்காதவர்கள் பலர். மோசமான மண்ணில் அகல உருளையோ, தொழிற்சாலையிலேயே தைத்து வந்த பாயோ கடைசியில் மலிவாக முடிவது இதனால்தான்.

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்

சி.பி.ஆர். 3-க்கு மேல், சுமாரான ஈரம்: இரண்டாம் வகுப்பு நெய்யாத துணி, அதோடு நிறுத்திக்கொள்வேன். 1-க்கும் 3-க்கும் இடையில், தார்ச்சாலை, நல்ல கல் உண்டு: கிரிட், கல் கலவை வடிகட்டிச் சோதனையில் தோற்றால் அடியில் துணி. அதே மண், தற்காலிகப் பாதை: உயர்திறன் நெய்த துணி, ஒரே அடுக்கு. 1-க்குக் கீழே: துணியும் கிரிட்டும் இரண்டும், முதல் அடுக்கு தாராளமாக, மேல்தளத்துக்கு அவசரப்படாமல். மணல் மட்டுமே உள்ள இடம்: செல். நடுவில் எங்காவது தடுமாறினால் நூறு மீட்டர் நீளத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பொருளையும் போட்டு, லோடு லாரியை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பகுதியிலும் தடத்தை அளந்தால் வாக்குவாதம் தானே முடிந்துவிடும்.

விலை கேட்கும் கடிதத்தில் இவற்றை எழுதிக் கேளுங்கள்: 2, 5 சதவீத நீட்சியில் வலிமை, இரண்டு திசையிலும், துணிக்குத் துளை அளவும் நீர்விடு திறனும், புற ஊதாக் கதிரில் 500 மணி நேரம் வைத்த பிறகு மிஞ்சும் வலிமை. சரக்கு வந்ததும் ஏதாவது ஒரு உருளையிலிருந்து நீங்களே ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். விற்பவர் தரும் மாதிரியை அனுப்பாதீர்கள். உருளைகளை உறையோடு நிழலில் வையுங்கள், விரித்ததை 14 நாளுக்குள் ஜல்லியால் மூடிவிடுங்கள்.